மறைத்த நோயும் வளர்ந்த செலவும்

(தம்புள்ளையில் கமக்காரரும் வியாபாரிகளும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நாம் நிகழ்த்திய பேச்சின் வடிவம்)

அரசியல் ஏட்டில் எழுதுபவர்கள் மேடையேறினால் தேர்தலைப் பற்றியோ அமைச்சரவையைப் பற்றியோ பேசுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ மனிதனுடைய கணுக்கால். அஃது உடைந்தால் அதனைச் சீர்செய்ய எவ்வளவு செலவாகின்றது, அச்செலவு ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகின்றது, அந்த வேறுபாட்டை எவர் சுமப்பது என்பனவே நமது பொருள். இதில் அரசியல் எங்கே இருக்கின்றது என்று கேட்போர் பேச்சின் முடிவு வரை பொறுத்திருக்குமாறு வேண்டுகின்றோம்.

இப்பொருளைத் தம்புள்ளையில் பேசாமல் வேறெங்குப் பேசுவது? கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும், குருநாகல் வழியாகத் திருகோணமலை செல்லும் பெருவீதியும் கூடுகின்ற இடம் இது. 1999ஆம் ஆண்டு இங்கே பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது முதல், நாட்டின் மரக்கறி வாணிகத்துக்கு இவ்வூரே நாடியாக விளங்குகின்றது. வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் லொறிகள் இரவிரவாக வந்து சேருகின்றன. கோவா இலையும் தக்காளிச் சாறும் சேறும் கலந்த தரையில், முதுகிலே மூட்டையும் காலிலே தேய்ந்த செருப்புமாக நம் மக்கள் நடக்கின்றனர். லொறியின் பின்பலகையிலிருந்து குதிக்கின்றனர். வயல் வரம்பிலே சறுக்குகின்றனர். கணுக்கால் முறிவு பணக்காரருடைய நோயன்று. காலை நம்பிப் பிழைப்பவரின் தொழில் இடர் அது.

எம் வீட்டில் நடந்தது

பிறர் கதையைச் சொல்வதற்கு முன்னர் எம் வீட்டுக் கதையைச் சொல்லுகின்றோம். எமது சிறிய தந்தையார் ஒரு கமக்காரர். வெங்காயம் ஏற்றி வந்த லொறியிலிருந்து இறங்கும்போது கால் பிரண்டு, கணுக்காலின் இரு புறத்து எலும்பும் உடைந்தன. அறுவடைக் காலம், கால் விரைவிலே தேறவேண்டும் என்ற ஆத்திரத்தில் பிள்ளைகள் அவரைத் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டு சென்றனர். தகடு வைத்துத் திருகாணி முடுக்குவதற்கு இன்ன தொகை என்று அங்கே கூறினார்கள். பிள்ளைகள் நகையை அடகு வைத்து அத்தொகையைத் திரட்டினர்.

“உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கின்றதா?” என்று வைத்தியர் கேட்டார். “இல்லை” என்றார் சிறிய தந்தையார். ஆறு ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு இருந்தது. நினைத்த நாளில் குளிசை விழுங்குவதும், நினையாத நாளில் விட்டுவிடுவதுமாக இருந்தார். ஆயினும் இல்லை என்றார். இருக்கின்றது என்று சொன்னால் காசு கூடும் என்ற பயம் ஒன்று. காப்புறுதிப் படிவத்திலும் இல்லை என்றே முன்பு எழுதிக் கொடுத்திருந்தமை மற்றொன்று.

இரத்தப் பரிசோதனை பொய் சொல்லவில்லை. சர்க்கரை மிக உயர்ந்திருந்தமையால் சத்திரசிகிச்சை பிற்போடப்பட்டது. காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் கட்டில் வாடகை ஏறிற்று. பொது வைத்திய நிபுணர் வந்து பார்த்தார், இருதயப் பரிசோதனை நடந்தது, இன்சுலின் தொடங்கப்பட்டது. இவற்றுள் ஒன்றேனும் தேவையற்றதன்று. ஆனால் ஒன்றேனும் முதலிற் சொன்ன தொகைக்குள் அடங்கவுமில்லை.

சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த சிறிய தந்தையார், காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்ற கட்டளையை மூன்றாவது வாரமே மீறினார். “எனக்கு நோகவேயில்லை” என்று பெருமையோடு சொன்னார். நோவு தெரியாதது நலத்தின் அடையாளமன்று, நரம்பு மரத்துப் போனதன் அடையாளம் என்பதை நாம் அப்பொழுது அறியவில்லை. காயம் வாய் திறந்தது; சீழ் வைத்தது; தகடு கழற்றப்பட்டது. காப்புறுதி நிறுவனம், உண்மையை மறைத்தீர் என்று கைவிரித்தது. கணக்கு முடிந்தபோது முதலிற் கேட்ட தொகையினும் இரண்டு மடங்குக்கு மேற் சென்றிருந்தது. அடகு வைத்த நகை மீளவேயில்லை.

இதற்காக நாம் எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வரவில்லை. வைத்தியர் தம் கடமையைச் செய்தார். நோயாளி, பயந்த மனிதன் செய்வதைச் செய்தார். அந்தப் பயத்தை உண்டாக்கியது எது என்பதே நமது கேள்வி.

கணுக்கால் ஏன் கடினமான இடம்?

கையால் உங்கள் கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். தொடையில் கை வைத்தால் சதை இருக்கின்றது. கணுக்காலில் கை வைத்தால் தோலுக்கு அடியிலேயே எலும்பு. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் பாதத்தின் மேலெலும்பும் சந்திக்கின்ற அச்சிறிய மூட்டு உடம்பின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றது. ஆனால் அதனைப் போர்த்தியிருப்பதோ மெல்லிய தோல் ஒன்றே. இருதயத்திலிருந்து நெடுந்தூரம் இறங்கிவரும் இரத்தம் அந்த இடத்தை அடைவதும் அரிது; அங்கிருந்து மேலேறுவதும் அரிது. ஆதலால் உடைந்தவுடன் கால் வீங்குகின்றது. தோலில் நீர்க்கொப்புளங்கள் எழுகின்றன. வீக்கம் வற்றும்வரை கத்தி வைக்க வைத்தியர் தயங்குகின்றார். கத்தி வைத்த பின்னர் அந்த மெல்லிய தோல் மூடவேண்டும். அது மூடுமா, மூடாதா என்பதிலேதான் செலவின் பெரும் பகுதி தங்கியிருக்கின்றது.

எலும்பை இணைப்பது தச்சு வேலை போன்றது. தகடும் திருகாணியும் கைத்திறனும் இருந்தால் அதனைச் செய்துவிடலாம். காயத்தை ஆற்றுவது கமத்தொழில் போன்றது. மண் நல்லதாயிருக்க வேண்டும், நீர் பாயவேண்டும், காலம் கொடுக்கவேண்டும். உடம்பாகிய மண்ணில் முன்னரே நோய் குடிகொண்டிருந்தால் எவ்வளவு நல்ல தச்சனாலும் விளைச்சலைத் தர இயலாது.

நோய்க்கு நோய் செலவு வேறு

நீரிழிவை முதலில் எடுத்துக்கொள்வோம். மிகுந்த சர்க்கரை சிறிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றது. கிருமியோடு போராடும் ஆற்றலைக் குறைக்கின்றது. பாதத்தின் உணர்ச்சியைக் கொல்லுகின்றது. உணர்ச்சி போன கால் தன்னைத் தான் காத்துக்கொள்ளாது. நரம்பு நோயால் மூட்டுகள் நொறுங்கிப் போவதைப் பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ 1868ஆம் ஆண்டிலேயே விவரித்தார். இன்று அவ்வாறு கால் மூட்டுகள் நொறுங்குவதற்குப் பெருங்காரணமாய் இருப்பது நீரிழிவே. ஆகையால் உணர்ச்சி குன்றிய நோயாளிக்கு வைத்தியர் கூடுதலான திருகாணிகளை இடுகின்றார். மற்றவர்கள் ஆறு வாரத்தில் ஊன்றத் தொடங்கும் காலை இவர் மூன்று மாதம் வரை ஊன்றாதிருக்க வேண்டியும் வரலாம். ஒரு போகம் முழுவதும் வயலுக்கு இறங்க இயலாது என்பதே கமக்காரனுக்கு இதன் பொருள்.

இரண்டாவது சிறுநீரக நோய். இதனைத் தம்புள்ளையைச் சூழ்ந்த மக்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து நெற்செய்கையாளரை வாட்டிவருகின்ற, காரணம் இன்னமும் ஐயமறத் துணியப்படாத அந்தச் சிறுநீரக நோய், மாத்தளை மாவட்டத்தில் வில்கமுவைப் பக்கத்தையும் தொட்டிருக்கின்றது. 2021ஆம் ஆண்டு பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே பெரிய வைத்தியசாலை ஒன்று திறக்கப்பட்டமை அதன் கொடுமைக்குச் சான்று. இந்நோய் முற்றும் வரை வெளியே தெரிவதில்லை. கால் உடைந்தவர் நோவு தணியக் கடையிலே வாங்கி விழுங்கும் குளிசைகள் சில, தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் தளரச் செய்வன. கிருமிக்கொல்லி மருந்துகள் சிலவற்றின் அளவையும் குறைத்தல் வேண்டும். சிறுநீரகம் கெட்டவரின் எலும்பும் உறுதி குன்றியிருக்கும். இவ்வளவையும் கணித்துச் செய்யும் சிகிச்சைக்கு நாளும் பரிசோதனையும் கூடுதலாகும் என்பது வெளிப்படை.

மூன்றாவது இருதய நோயும் இரத்த அழுத்தமும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு உடைந்த எலும்பை விட உடைந்தவரின் நெஞ்சே முதன்மையானது. அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர்கள் 1941ஆம் ஆண்டிலேயே நோயாளரை அவரவர் முன்னைய உடல்நிலைக்கேற்பப் படிப்படியாக வகுக்கும் முறையை வெளியிட்டனர். அம்முறை திருத்தம் பெற்று இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. ஒரே முறிவு, ஒரே தகடு, எனினும் முதற்படியிலுள்ள இளைஞனுக்கும் மூன்றாம் படியிலுள்ள முதியவருக்கும் ஆயத்தம் வேறு, காவல் வேறு, செலவும் வேறு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவராயின் அம்மருந்தை எப்பொழுது நிறுத்துவது, நிறுத்துவதா வேண்டாமா என்பதும் தனித்த ஆலோசனைக்குரியது.

நான்காவது நோயென்று நாம் எண்ணாத நோய், அதுவே புகையிலை. பீடியும் சிகரட்டும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்துகின்றன. சிலருக்குப் பொருந்தாமலே விட்டுவிடச் செய்கின்றன. பொருந்தாத எலும்புக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை வேண்டும். ஒரு கட்டுப் பீடியின் விலை கடையிலே எழுதியிருக்கும் விலையன்று.

எண்கள் கூறுவது என்ன?

இவையெல்லாம் ஊகமோ என்று படித்தவர்கள் கேட்கலாம். கணுக்கால் முறிந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 1,60,598 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து அமெரிக்க அறிஞர்கள் 2005ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் 9,174 பேர் நீரிழிவுடையோர். நீரிழிவு இல்லாதோர் சராசரி 3.6 நாள் தங்கினர், உள்ளோர் 4.7 நாள் தங்கினர். இல்லாதோருக்கு விதிக்கப்பட்ட கட்டணம் சராசரி 10,794 டொலர். உள்ளோருக்கு 12,898 டொலர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மேலதிகம். இது வைத்தியசாலையின் வாசலோடு நின்றுவிடுகின்ற கணக்கு என்பதை மறவாதீர்கள். வீட்டுக்குப் போனபின் காயம் பிரிந்து மீண்டும் வந்த செலவும், வேலை இழந்த நாட்களும் இக்கணக்கில் இல்லை. எமது சிறிய தந்தையாரின் துன்பம் தொடங்கியதே அந்த வாசலுக்கு வெளியில்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2018-2019ஆம் ஆண்டுகளில் நாடு தழுவி நடத்தப்பட்ட உடல்நல ஆய்வு ஒன்று, இலங்கையில் வயது வந்தோருள் நூற்றுக்கு 23 பேர் நீரிழிவுடையோர் எனக் கண்டது. நூற்றுக்கு 30 பேருக்குச் சற்று அதிகமானோர் அதன் வாயிற்படியில் நிற்கின்றனர். இந்த மண்டபத்தில் நூறு பேர் இருந்தால் இருபதுக்கு மேற்பட்டோர் அந்த நோயோடு இருக்கின்றோம் என்று பொருள். அவர்களுள் தமக்கு நோயிருப்பதையே அறியாதவரும் உளர். கால் உடைந்த நாளில் அதனை அறிவது, வெள்ளம் வந்த நாளில் குளக்கட்டு உடைந்திருப்பதை அறிவது போன்றதன்றோ?

இலவச வைத்தியசாலையில் செலவு உண்டோ?

“நமக்கு அரசாங்க வைத்தியசாலை இருக்கின்றது, அங்கே காசு கேட்பதில்லை, பின் ஏன் இந்தக் கணக்கு?” என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. இலவச வைத்தியம் இந்நாட்டு ஏழைகளின் பெருஞ் சொத்து. அதனைக் குறைத்துப் பேசுவோர் பக்கம் நாம் ஒருபோதும் நிற்கமாட்டோம். ஆனால் காசு கேளாத இடத்திலும் செலவு உண்டு. அங்கே அதனைப் பொதுமக்களின் வரிப்பணம் செலுத்துகின்றது. ஒரு நோயாளி மூன்று நாளில் விடவேண்டிய கட்டிலில் மூன்று வாரம் கிடந்தால், அக்கட்டிலுக்குக் காத்திருக்கும் அடுத்த மனிதன் அந்தச் செலவைத் தன் நோவினால் செலுத்துகின்றான்.

கருவூலம் வற்றினால் இலவசமும் வற்றும் என்பதை 2022ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டன. அத்தகைய காலத்தில் நோயாளியின் உறவினரே கடைகடையாய் அலைந்து மருந்து வாங்குகின்றனர். அதற்கு மேல் வழிச்செலவு வேறு. சந்தையில் விழுந்தவர் கிளிநொச்சிக்காரர் என்று வையுங்கள். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கோ, குருநாகலுக்கோ, கண்டிக்கோ அவர் அனுப்பப்பட்டால், பார்க்கவரும் மனைவிக்குப் பேருந்துக் கூலி, தங்கும் இடம், சாப்பாடு என்பன உண்டு. நோய் முன்னரே இருப்பவருக்கு இந்தப் போக்குவரத்து இரு மடங்காகும், மும்மடங்காகும். காயத்துக்கு மருந்து கட்ட ஒரு நாள், சர்க்கரைக் கிளினிக்குக்கு ஒரு நாள், எலும்புக் கிளினிக்குக்கு ஒரு நாள் என்று வாரம் கழிகின்றது.

எனினும் ஒன்றைச் சொல்லுவோம். நோயாளி தன் நோயை மறைப்பதற்குக் காரணமே இல்லாத இடம் அரசாங்க வைத்தியசாலை. அங்கே உண்மை சொன்னால் காசு கூடாது. அதன் உண்மையான பெருமை இதுவே. இப்பெருமையைப் பாதுகாக்கவேண்டும் என்று நாம் சொல்வது இரக்கத்தினால் மாத்திரமன்று; கணக்கினாலுமாகும். மறைத்த நோயைப் போலச் செலவு மிகுந்த நோய் வேறில்லை.

சுமப்பவர் யார்?

இப்பொழுது நாம் அரசியலுக்கு வந்துவிட்டோம். நோயுள்ளவருக்குச் செலவு அதிகம் என்பது உண்மை. அந்த மேலதிகத்தை யாரிடம் ஏற்றுவது?

வைத்தியசாலையிடம் ஏற்றலாம். எல்லாருக்கும் ஒரே தொகைதான் என்று விதிக்கலாம். 1983ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் முதியோருக்கான காப்புறுதித் திட்டத்தில், நோயின் வகைக்கேற்ப இவ்வளவு என்று முன்னரே நிர்ணயித்த தொகையை வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அத்தகைய முறையில், தொகைக்குள் அடங்காத கடும் நோயாளரை வைத்தியசாலை விரும்புமா? ஆரோக்கியமானவனை வரவேற்று, நோய் பல உள்ளவனை வேறிடம் பார்க்கச் சொல்லத் தூண்டுதல் உண்டாகும். 2007ஆம் ஆண்டு அம்முறை திருத்தப்பட்டது. ஒரே சிகிச்சைக்கும், உடனிருக்கும் நோயின் கடுமையைப் பார்த்துக் கூடிய தொகையும் குறைந்த தொகையும் வகுக்கப்பட்டன. நோயுள்ள மனிதனுக்குச் சிகிச்சை செய்தல் கடினமானது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

நோயாளியிடமே ஏற்றலாம். அப்படிச் செய்தால் என்ன விளையும் என்பதற்கு எமது சிறிய தந்தையார் சாட்சி. பயந்தவன் மறைப்பான்; மறைத்தது பெருகும்.

மூன்றாவது வழி பொதுநிதி. எல்லாரும் சிறுகச் சேர்த்து, விழுந்தவனைத் தூக்குவது. இந்தியாவில் 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், சேர்பவருக்கு முன்னரே இருந்த நோய்களையும் முதல் நாளிலிருந்தே ஏற்றுக்கொள்கின்றது. தனியார் காப்புறுதியிலும், முன்னரே உள்ள நோய்க்கு இத்தனை ஆண்டு காத்திரு என்று சொல்லக்கூடிய உச்சவரம்பை அந்நாட்டு ஒழுங்காணையம் 2024இல் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. அங்கே குறைகள் இல்லையென்று நாம் கூறவில்லை. காப்புறுதி என்பது நோயற்றவருக்கு மட்டும் விற்கும் குடையாக இருத்தலாகாது என்ற கொள்கை அங்கே சட்டத்தில் இடம்பெற்றிருக்கின்றது என்பதையே சுட்டுகின்றோம். மழையில்லாத நாளில் மட்டும் விரிகின்ற குடை எதற்கு?

மொழியும் ஒரு மருந்து

இன்னொரு செலவைப் பற்றி எவரும் பேசுவதில்லை. முன்னைய நோய்களைக் கேட்டறிவது சொல்லால் நடக்கும் வேலை. எப்பொழுதிலிருந்து சர்க்கரை, எந்தக் குளிசை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றை நோயாளி தன் வாயால் சொல்லவேண்டும். வலியால் துடிக்கும் ஒருவன் தனக்குத் தெரியாத மொழியில் அவற்றைச் சொல்ல முடியுமா? தலையை ஆட்டுவான், அந்த ஆட்டலுக்கு “இல்லை” என்று படிவத்தில் எழுதப்படும். 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகவே தமிழில் கேள்விப் படிவமும், தமிழறிந்த ஒருவரும் சத்திரசிகிச்சை விடுதிகளில் இருக்கவேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதன்று. தம்புள்ளைச் சந்தையில் வெங்காய விலையைப் பேசச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் மொழியை ஒருவர் கற்றுக்கொண்டிருக்கின்றனர். வெங்காயத்துக்குக் கிடைத்த மதிப்பு மனித உயிருக்கும் கிடைக்கட்டும்.

நாம் கேட்பன

ஆதலால் அரசாங்கத்திடம் மூன்றைக் கேட்கின்றோம்.

ஒன்று: சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. நல்ல பணி. ஆனால் இரவு முழுவதும் மூட்டை சுமந்து காலையில் உறங்குபவன் அலுவலக நேரத்தில் அங்கே எவ்வாறு வருவான்? அப்பரிசோதனை சந்தை நேரத்தில் சந்தைக்குள்ளேயே வரட்டும். சிறுநீரகப் பரிசோதனையும் அதனோடு சேரட்டும்.

இரண்டு: தனியார் வைத்தியசாலைகள் சத்திரசிகிச்சைக்கு ஒரு தொகையைச் சொல்லும்போது, அது எத்தகைய உடல்நிலை உள்ளவருக்குரியது என்பதையும், நீரிழிவோ சிறுநீரக நோயோ இருந்தால் எவ்வெவற்றால் எவ்வளவு கூடக்கூடும் என்பதையும் மூன்று மொழியிலும் எழுத்திற் கொடுக்கவேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்படும் நிலையங்களுக்கு இதனை நிபந்தனையாக்குவதில் என்ன தடை?

மூன்று: கமக்காரரின் பயிருக்குக் காப்புறுதி உண்டு. பயிரைச் செய்யும் காலுக்கும் கைக்கும், முன்னைய நோயைக் காட்டித் தள்ளிவிடாத பொதுக் காப்புறுதி ஒன்று வேண்டும்.

இது ஆகாத காரியம் என்பாரும் உளர். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இத்தீவில் பல்லாயிரம் உயிரைக் கொள்ளை கொண்டது. அதன்பின் இந்நாட்டுச் சுகாதார ஊழியர் காட்டோரக் குடிசைகளையும் விடாது வீடு வீடாகச் சென்று காய்ச்சற்காரரைத் தேடினர். இரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டிலே எடுத்துச் சென்று பார்த்தனர். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. காய்ச்சலைத் தேடிச் சென்ற நாடு சர்க்கரையைத் தேடிச் செல்லக் கூடாதா?

நம் கையில் உள்ளன

அரசாங்கம் செய்யும்வரை நாம் வாளாவிருத்தல் வேண்டா. கிளினிக் கொப்பியைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். அதன் பிரதி ஒன்றை லொறிச் சாரதி தன் ஆவணங்களோடு வைத்திருக்கட்டும். கால் முறிந்தால் வைத்தியர் கேட்குமுன்னரே, உள்ள நோயும் உண்ணும் மருந்தும் இன்னவென்று சொல்லுங்கள்; நாட்டு மருந்தாயினும் சொல்லுங்கள். நோவுக்கென்று கடையிலே குளிசை வாங்கி விழுங்காதீர்கள். முறிவு வைத்தியரிடம் போகும் வழக்கம் நம்மிடையே ஆழமானது. அவர்களுள் கைதேர்ந்தோர் உளர். ஆனால் பாத உணர்ச்சி குன்றிய நீரிழிவுக்காரருக்கு இறுக்கமான கட்டு ஆபத்தானது. கட்டுக்குள்ளே தோல் அழுகினாலும் அவருக்குத் தெரியாது. எக்ஸ்றே எடுக்காமல் அவருக்குக் கட்டுப் போட விடாதீர்கள். புகைப்பவர் கால் உடைந்த அன்றாவது அதனை விட்டுவிடட்டும். நோவு இல்லை என்பதற்காக எவரும் காலை ஊன்றவேண்டா. வைத்தியர் ஊன்றச் சொன்ன பிறகே ஊன்றுங்கள். காப்புறுதிப் படிவத்தில் உண்மையையே எழுதுங்கள். பொய்யெழுதிக் கட்டிய தவணைப் பணம் தேவைப்படும் நாளில் உதவாது.

இங்கு வந்திருக்கும் உத்தியோகத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் மாதந்தோறும் இரத்தம் பார்க்கின்றீர்கள். உங்கள் வயலைச் செய்யும் குத்தகைக்காரரையும், மாத்தளைத் தோட்டத்தில் உழைக்கும் உறவினரையும் ஒருமுறை உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுது. தப்புவது ஒரு காலாக இருக்கலாம்.

எமது சிறிய தந்தையார் இன்றும் இருக்கின்றார். தடி ஊன்றி நடக்கின்றார். வயலுக்குப் போவதில்லை, வரம்பில் நின்று பார்க்கின்றார். “அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம்” என்று ஒருநாள் எம்மிடம் சொன்னார். அவர் உண்மையைச் சொல்லப் பயந்தமைக்கு அவர் ஒருவரே பொறுப்பல்லர். உண்மை சொன்னவனிடம் அதிகம் கேட்கும் ஏற்பாட்டை அமைத்துவிட்டு, பொய் சொன்னவனைப் பழிப்பது நீதியாகாது. நோயைச் சொல்லப் பயப்படாத நாட்டை உண்டாக்குவோம். அதற்கு முதற்படியாக, நாளைக் காலை நாம் ஒவ்வொருவரும் நம் உடம்பில் உள்ள நோய் எது என்று அறிந்துகொள்வோம்.